இங்கேயும் கச்சான் வீசுகிறது, அப்பா

அல்ட்டோர்ஃப், சுவிட்சர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். வேலையும் பரவாயில்லை. அம்மாவின் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? போன கிழமை கதைத்தபோது, "மலைக்குள்ளே இருக்கிறாய், குளிர்தானே மகன்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு இங்கே அனல் காற்று. அதைச் சொல்லத் தொடங்கவே லைன் அறுந்துவிட்டது. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. ஆறுதலாக எழுதுகிறேன், தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் இருப்பது மலைமேல் இல்லை. அல்ட்டோர்ஃப் கடல்மட்டத்திலிருந்து 450 மீட்டர் உயரம்தான், பள்ளத்தாக்கின் அடி. ஆனால் தெற்கே திரும்பினால் பிரிஸ்டன்ஸ்டொக் என்கிற மலை கூம்பாக எழும்பி நிற்கிறது, 3,000 மீட்டருக்கும் மேலே. நம் நாட்டில் ஆக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். நம் காரைதீவு வயல் வட்டைக்குள் நின்று மேற்கே பார்த்தால் மலை தூரத்தில் நீலமாகத் தெரியும். இங்கே ஹோட்டல் குசினிக் கதவைத் திறந்தாலே முகத்துக்கு நேரே நிற்கிறது.

இந்த அல்ப்ஸ் ஒரு நாட்டுக்குச் சொந்தமானதும் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் தொடங்கி பிரான்ஸ், இத்தாலி, சுவிஸ், ஒஸ்ரியா என்று வளைந்து சுலோவேனியா வரைக்கும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் போகிறது. ஆக உயர்ந்த மொன்பிளாங் 4,800 மீட்டரைத் தாண்டும். அது சுவிஸில் இல்லை என்று சொன்னால் இங்கே சிலருக்கு முகம் கொஞ்சம் சுருங்கும்!

சரி, காற்றுக்கு வருகிறேன். இதற்கு இங்கே ஃபோன் (Föhn) என்று பெயர், கதைக்கிற போன் இல்லை. நம் கச்சானேதான் அப்பா. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி நேரம் மேற்கேயிருந்து வந்து உதட்டை வெடிக்க வைக்குமே, அதே சாதி. தென்மேற்குப் பருவக்காற்று கினிகத்தேனைப் பக்கம் மலையில் ஏறும்போது மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. இங்கே இத்தாலிப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று தெற்குச் சரிவில் ஏறி மழையையும் பனியையும் கொட்டிவிட்டு, வடக்கே எங்கள் பள்ளத்தாக்கில் விழுகிறது.

அது ஏன் சுடுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஈரக்காற்று மேலே ஏறி முகிலாகும்போது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய அரைப் பாகைதான் குளிரும், நீராவி நீராகும்போது வெளிவிடும் சூடு அதைத் தாங்கிக்கொள்கிறது. காய்ந்து இறங்கும்போதோ 100 மீட்டருக்கு ஒரு பாகை சூடாகும். கொத்தார்ட் கணவாய் 2,106 மீட்டர். அங்கேயிருந்து அல்ட்டோர்ஃபுக்கு இறங்கும் காற்றுக்கு 16 பாகை கூடிவிடும். மாசி மாதத்திலும் சில மணித்தியாலத்துக்குள் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டி வரும், கூரைப் பனி உருகி ஒழுகும். மலை முகட்டில் மட்டும் வெள்ளைச் சுவர் மாதிரி முகில் அசையாமல் நிற்கும். அந்த நாட்களில் தலையிடி என்று சொல்லாத ஆள் இல்லை, என்னோடு குசினியில் நிற்கிறவர்கள் உப்புக் கூடிப்போனாலும் காற்றில்தான் பழி போடுவார்கள்.

விளையாட்டுக் காற்றும் இல்லை. 1861இல் கிளாருஸ் என்கிற பக்கத்து ஊரில் தீப்பிடித்தபோது இந்தக் காற்று அடித்து ஊரின் பெரும்பகுதியை ஒரே இரவில் எரித்துவிட்டது.

மலையைக் குடைந்து 57 கிலோமீட்டருக்கு ரயில் சுரங்கம் போட்டிருக்கிறார்கள், 2016இல் திறந்தது. லீவு நாளில் தெற்கே போனேன். இங்கே வெயில், ஏறக்குறைய இருபது நிமிட இருட்டு, அந்தப் பக்கம் அடைமழை. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் ஜன்னலை விட்டு அசையவில்லை. டிக்கெட் காசை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். கொத்தார்ட் பக்கத்திலிருந்து ஆறுகள் நாலு திக்குக்கும் பிரிகின்றன. ரைன் வடகடலுக்கு, றோன் மத்தியதரைக் கடலுக்கு, தெற்கே ஓடும் திச்சினோ போ ஆற்றோடு சேர்ந்து அட்ரியாட்டிக் கடலுக்கு. எங்கள் ஊரால் ஓடும் றொய்ஸ் கடைசியில் ரைனுக்கே போய்ச் சேரும். நமக்கு இங்கினியாகலையில் அணை கட்டித் தேக்கிய குளம் இருக்கிறது. இவர்களுக்கு மேலே உறைந்து கிடக்கும் பனியாறுகள்தான் குளம், கோடையில் தானாகத் திறக்கும். ஆக நீளமானது அலெட்ஷ், இருபது கிலோமீட்டர் அளவு.

அந்தக் குளமும் வற்றுகிறது. 2022, 2023 இரண்டு வருடத்தில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. றோன் பனியாற்றின் ஒரு பகுதிக்குக் கோடையில் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள், அதற்குள் குடைந்த பனிக்குகை உல்லாசப் பயணிகளுக்குத் தேவையாம். நீங்கள் பார்த்தால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சிறுபோகத்துக்கு வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுகிறார்கள்? கூட்டத்தில் என்ன முடிவு என்று தம்பியை எழுதச் சொல்லுங்கள். விதை நெல்லுக்கும் உழவுக்கும் காசு இந்த மாதக் கடைசியில் போடுகிறேன், அதுவரைக்கும் யாரிடமும் வட்டிக்கு வாங்க வேண்டாம். கச்சான் தொடங்கினால் மத்தியானத்தில் வட்டைக்குப் போகாதீர்கள், அம்மா சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

அன்புடன்,
மகன்