டிசம்பர் லீவு: எந்தப் படகு?

எல்லாருக்கும் வணக்கம். தாய்லாந்தின் புக்கெட் போவது உறுதி, கேட்டமரான் (இரண்டு உடல் உள்ள பாய்மரப் படகு) எது என்பதுதான் பாக்கி. நாலு அறை உள்ள 42 அடிப் படகையே எடுப்போம். இரட்டை உடல் என்பதால் ஒரு பக்கமாக அதிகம் சாயாது. மேசையில் வைத்த டீ கிளாஸ் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பெரியவங்களுக்கு அதுதான் முக்கியம். படகின் அடிப்பாகம் சுமார் ஒன்றேகால் மீட்டர்தான் தண்ணீருக்குள் இறங்கும், அதனால் பாங் நா விரிகுடாவில் கரைக்கு நெருக்கமாக நங்கூரம் போடலாம்.

கேப்டனோடுதான் எடுக்கணும், நம்மில் யாருக்கும் பாய்மரப் படகு ஓட்டிய அனுபவம் இல்லை. முன்பணம் கட்டுமுன், படகில் ஏசிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரைப் பற்றிக் கட்டாயம் கேட்கணும். போன தடவை சிங்கப்பூரின் லாசரஸ் தீவில் அது ஓடாமல் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போனது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

வெள்ளிக்குள் பெயர் கொடுங்க. எட்டுப் பேருக்குத்தான் இடம்.