கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனின் டைரியில் இந்த ஆண்டு நான்கு முறை 'வகுப்பில் கவனமில்லை' என்று எழுதி வந்தது. ஒவ்வொரு முறையும் தையல் கடையை அரை நாள் மூடிவிட்டுப் பள்ளிக்குப் போய், தலையாட்டி, கையெழுத்துப் போட்டு வந்தேன். வீட்டில் அவனையும் சத்தம் போட்டேன், பொய் சொல்வானேன்.

நான்காவது முறை போனபோது மதிய இடைவேளை. வகுப்பில் யாருமில்லை. சும்மா அவன் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசி பெஞ்ச். கரும்பலகையின் வலது பாதியில் வெயில் பட்டுப் பளபளத்தது. அங்கிருந்த கணக்கில் ஓர் எண்கூடத் தெரியவில்லை. பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறிய கிரிக்கெட் ஸ்கோர்தான் தெளிவாகத் தெரிந்தது.

தூங்கி வழிந்தால் வராந்தாவில் நிற்க வைக்கிறார்களாம். குழந்தைகளை அடிக்கவோ மனதளவில் துன்புறுத்தவோ கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அது இருக்கட்டும், வராந்தாவில் நின்றால் கணக்கு எப்படிப் புரியும்?

கடைசி பெஞ்சே இல்லாதபடி வகுப்பில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடும் பேச்சு 2025இல் வந்தபோது, பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்குமே என்று நானும் சிரித்தேன். சரி, 'ப' வேண்டாம். வாரம் ஒரு முறை வரிசையை மாற்றலாமே? அதற்கு அரசாணை எதற்கு?

ஜன்னலுக்குத் திரை தைத்துத் தருவதாக ஆசிரியையிடம் சொன்னேன். தலைமையாசிரியரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். துணியை வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர், திண்டுக்கல் மாவட்டம்