பிரைவேட்டா கம்யூனிட்டி காலேஜா, உன் பையன் விஷயமா

அடியே, எப்படி இருக்க?

அம்மாவோட முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு நீ எழுதினத படிச்சப்புறம்தான் எனக்கு நிம்மதி. கீழ உக்கார விடாத, அவங்க சொல் பேச்சு கேக்கவே மாட்டாங்க. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பெரியவ வேலைல சேந்துட்டா, சின்னவன் ஒம்பதாவது.

உன் பையனுக்கு அந்த பிரைவேட் காலேஜ்ல அட்மிஷன் கிடைச்சது எவ்ளோ சந்தோஷம் தெரியுமா! ஆனா ரெண்டு வருஷம் கம்மி செலவுல படிச்சிட்டு அப்புறம் யுனிவர்சிட்டிக்கு மாறிக்கற கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பினா நம்ம ஆளுங்க என்ன நினைப்பாங்கன்னு எழுதியிருக்க பாரு, அத மட்டும் மொதல்ல மனசுலேர்ந்து எடுத்துடு. ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஹேவர்ட்ல இருக்கற ஷபோங்கற கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சிட்டுதான் சாக்ரமெண்டோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு மாறினாரு. கலிஃபோர்னியால இந்த மாதிரி 116 காலேஜ் இருக்கு, பாதில நின்ன பசங்க மட்டும் போற இடம்னு நம்ம ஆளுங்க பேசறது ரொம்ப தப்பு, எனக்கு கோவமே வரும்.

காசு கணக்கு உனக்கே தெரியும், கம்யூனிட்டி காலேஜ்ல கலிஃபோர்னியாலேயே இருக்கறவங்களுக்கு ஒரு யூனிட் (கோர்ஸ அளக்கற கணக்கு) 46 டாலர், 60 யூனிட் முடிச்சாலும் 2,760 டாலர்தான், புக்ஸ் பஸ் எல்லாம் தனி. ஃபுல் டைமா மொத தடவ சேர்ற பசங்களுக்கு நிறைய காலேஜ்ல ரெண்டு வருஷம் அந்த ஃபீஸும் கிடையாது, ப்ராமிஸ்னு ஒரு திட்டம், கேட்டுப் பாரு. பிரைவேட்ல ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 80,000 டாலர தாண்டுற இடம் எவ்ளோவோ இருக்கு. ஆனா அந்த நம்பர பாத்து பயந்துடாத, பிரைவேட்ல போர்டுல போட்டிருக்கற விலைய முழுசா கட்டறவங்க கம்மி. அவங்க அனுப்பின எய்ட் லெட்டர எடுத்து கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாதது) எவ்ளோ, லோன் எவ்ளோ, வொர்க் ஸ்டடி (படிச்சுக்கிட்டே வேலை செஞ்சு சம்பாதிக்கறது) எவ்ளோன்னு தனித்தனியா எழுது, ஏன்னா சில காலேஜ் லோனையும் எய்டுன்னே சேத்துக் காட்டும், மொத்தத்த பாத்தா பெரிய உதவி மாதிரி தெரியும் ஆனா பாதி நாம திருப்பிக் கட்ட வேண்டியது. ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் வருமா, எவ்ளோ ஜிபிஏ (மார்க் சராசரி) வச்சிருக்கணும்னு கண்டிப்பா கேளு. கலிஃபோர்னியா அரசாங்கம் குடுக்கற Cal Grant உதவி பிரைவேட் காலேஜுக்கும் உண்டு, அவனுக்கு கிடைச்சிருக்கான்னும் பாத்துக்கோ.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. அவனுக்கு எகனாமிக்ஸா கம்ப்யூட்டர் சயின்ஸான்னு இன்னும் முடிவாகல, அதனால கம்யூனிட்டி காலேஜ்ல போய் மெதுவா யோசிக்கட்டும்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாருன்னு எழுதியிருந்த. எல்லாரும் இததான் சொல்றாங்க. ஆனா அங்கேர்ந்து யூசிக்கு (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) மாறணும்னா கம்யூனிட்டி காலேஜ்ல பிரைவேட்ட விட சீக்கிரமாவே முடிவு பண்ணணும்டி. யூசில ஜூனியரா, அதாவது மூணாவது வருஷத்துல, சேர்றதுக்கு 60 செமஸ்டர் யூனிட் வேணும், அதோட அந்த மேஜருக்கு (மெயின் பாடத்துக்கு) வேண்டிய கோர்ஸ் எல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சிருக்கணும். கால்குலஸ் ஒண்ணு, ரெண்டு, அப்புறம் மல்டிவேரியபிள், லீனியர் அல்ஜீப்ரானு ஒண்ணு முடிச்சாதான் அடுத்தது எடுக்க முடியும், நடுவுல ஒரு செமஸ்டர் அந்த கிளாஸ்ல இடம் கிடைக்காம போனா எல்லாமே தள்ளிப் போகும், ஒரு வருஷமே கூட போயிடும். என் பெரியவ கூட படிச்ச பொண்ணு நல்லா படிக்கறவதான், ஒரே ஒரு மேத்ஸ் கிளாஸால ஒரு வருஷம் கூட இருக்க வேண்டியதாச்சு. பிரைவேட்ல அட்வைசர் உக்கார வச்சு பேசுவாங்க, கம்யூனிட்டி காலேஜ்ல கவுன்சலர் அப்பாயிண்ட்மெண்ட்ட நாமதான் தேடிப் போய் வாங்கணும்.

நாடு முழுக்க எடுத்தா கம்யூனிட்டி காலேஜ்ல ஆரம்பிக்கறவங்கள்ல 6 வருஷத்துல பேச்சலர் டிகிரி வாங்கறவங்க 16 சதவீதம் கிட்டதான், நாலு வருஷ காலேஜுக்கு மாறிப் போறவங்களே மூணுல ஒருத்தர்தான். அறிவு இல்லாம இல்ல, வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கறவங்க, தேவையில்லாத கோர்ஸ் எடுத்து சிக்கறவங்க, யாரும் வழி சொல்லாதவங்கன்னு எத்தனையோ பேர், நினைச்சாலே வருத்தமா இருக்கு. உன் பையன் கதை வேற, நீங்க பக்கத்துல இருக்கீங்க. அசிஸ்ட் டாட் ஆர்க்குங்கற (assist.org) வெப்சைட்ல எந்த கோர்ஸ் எந்த யூசில ஒத்துப்போகும்னு போட்டிருக்கும், ரெண்டு மேஜரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கால்குலஸ் பொதுவா ரெண்டுக்கும் வேணும், ஒரு எகனாமிக்ஸ் ஒரு ப்ரோக்ராமிங் கூட எடுத்தா மொத செமஸ்டர் வீணாகாது, அதுக்குள்ளயே அவனுக்கு மனசு எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும். கம்யூனிட்டி காலேஜ் பசங்களுக்கு யூசில இடம் உறுதி பண்ற டேக்குன்னு (TAG) ஒரு கேரண்டி இருக்கு, யூசி கேம்பஸ்கள்ல டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் இந்த ஆறுல ஒண்ணுக்கு மட்டும் போடலாம், செப்டம்பர்ல போடணும், சில மேஜருக்கு கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இதுல இல்ல.

இன்னொண்ணு, அவன் கூச்ச சுபாவம், அது எனக்குத் தெரியும். பிரைவேட்ல சின்ன கிளாஸ், ப்ரொஃபசருக்கு பேர் தெரியும், ரூம்மேட், ராத்திரி பேச்சு, அது எல்லாம் அவனுக்கு ரொம்ப நல்லது பண்ணும். அதுக்கு ஒரு விலை குடுக்கலாம்னுதான் நானும் நினைக்கறேன். பெத்தவங்க பேர்ல வாங்கற பேரண்ட் ப்ளஸ் லோன் வாங்காம, வீட்டு மேல கடன் ஏத்தாம நாலு வருஷமும் ஓட்ட முடியும்னா பிரைவேட்டுக்கே அனுப்பு, ரெண்டாவது யோசனை வேணாம். மொத வருஷமே கடன் வாங்கித்தான் கட்டணும்னா வேணாம்டி, உனக்கு அடுத்தது பொண்ணு வேற இருக்கா. ஒண்ணு மறந்துடாத, இப்ப வேணாம்னுட்டு அப்புறமா அதே காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபரா போனா இந்த ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னு நம்பிக்கிட்டு இருக்க முடியாது, ட்ரான்ஸ்ஃபர் பசங்களுக்கு பெரும்பாலும் கம்மியாத்தான் குடுப்பாங்க. அதனால அவங்ககிட்ட இப்பவே போன் பண்ணி இன்னும் கொஞ்சம் தர முடியுமான்னு கேளு, கேக்கறதுல தப்பே இல்ல, வருமானம் கொறஞ்சிருக்குன்னா பேப்பரோட சொல்லு.

அவன்கிட்ட தனியா பேசினியா? உங்க வீட்டுக்காரர் சொல்றதும் நீ சொல்றதும் எழுதியிருக்க, அவன் என்ன சொல்றான்னு ஒரு வரி கூட இல்ல. மே 1க்குள்ள டெபாசிட் கட்டணும்ல, அதுக்குள்ள எய்ட் லெட்டர போட்டோ எடுத்து அனுப்பு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன்ல உக்காந்து ஒவ்வொரு வரியா பாப்போம், அவனையும் பக்கத்துல வச்சுக்கோ.

அம்மாவ ரொம்ப கேட்டேன்னு சொல்லு.