மாடிக்கும் நெட் வர வேண்டும் என்றால்

அன்புள்ள கதிருக்கு,

எந்த ரவுட்டர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தால், ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டி வாசல் பக்கத்து லாஃப்டில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடக்கிறது. நீயும் மீனாவும் வேலை பார்ப்பது மாடியில், பின்பக்க அறையில். நடுவில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களும் இருக்கின்றன. ஆறு ஆன்டெனா உள்ள ரவுட்டரையே கொண்டுவந்து அதே லாஃப்டில் ஏற்றினாலும் மாடிக்குப் பெரிதாக ஒன்றும் போய்ச் சேராது. வைஃபை எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது, விலை ஏறினால் அந்த வரம்பு ஏறாது. அதோடு, ரவுட்டர் பேசுவது உன் போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது. போன் சொல்லும் பதிலும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். போனின் சக்தி ரவுட்டரை விடக் குறைவு. மாடியில் கோடு முழுசாகக் காட்டியும் வீடியோ கால் திக்கித் திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் காசை ரவுட்டரில் கொட்டாதே. கீழே இருக்கும் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு லேன் வயர் இழு. அதன் முனையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் வரும் நடுத்தர விலை ரவுட்டர் ஒன்றை வை. அவ்வளவுதான் தேவை. கடைக்காரர் ரிப்பீட்டரைக் காட்டுவார், வேண்டாம் என்று சொல்லிவிடு. அது வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு, மாடியில் அது பிடிக்கப் போவதும் ஏற்கெனவே நொந்துபோன சிக்னலைத்தான்.

கீழே ஃபைபர்காரர் மாட்டிய பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர், அதை முதலில் கவனி. ‘பான்’ என்று எழுதிய விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிய வேண்டும். ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது நீ எந்த செட்டிங்கையும் தொடாமல் கம்பெனிக்குப் போன் செய். மெல்லிய ஃபைபர் வயரை 3 செ.மீ. ஆரத்துக்கும் குறைவாக மடக்காதே, ஆணியில் சுற்றாதே, கதவிடுக்கில் விடாதே. அதன் பச்சை கனெக்டரைக் கழற்ற நேர்ந்தால் முனையை விரலால் தொடாதே, கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சம் வருகிறதா என்றும் பார்க்காதே. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். ஓஎன்டி செட்டிங்கின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற சக்திக் கணக்கில் இருக்கும், பூஜ்யத்திலிருந்து விலக விலக ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை நல்லது. மைனஸ் 27க்கும் கீழே இறங்கிவிட்டால் நெட் போய்ப் போய் வரும். இன்னொன்று, பின்னால் இருக்கும் ரீசெட் ஓட்டையில் குண்டூசியை விடாதே. கம்பெனி போட்டு வைத்த லாகினும் விலேன் எண்ணும் (கம்பெனி தன் நெட்வொர்க்கில் போக்குவரத்தைப் பிரிக்கப் போடும் எண்) அழிந்துபோகும், பிறகு அவர்கள் வந்து போடும் வரை நெட் கிடையாது.

வயருக்கு வருகிறேன். கேட் 6 (Cat 6) ரக லேன் வயர் வாங்கு, முழுச் செம்பு என்று கேட்டு வாங்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் அது மடக்கினால் உடையும், கனெக்டரை அழுத்திப் பிடித்த (கிரிம்ப் செய்த) இடத்தில் நாளடைவில் தளரும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். நீள வரம்பு 100 மீட்டர் என்பதால் உன் வீட்டுக்குக் கவலையில்லை. கரன்ட் வயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைத்துவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்வார், சம்மதிக்காதே. இரைச்சல் ஏறுவது சின்ன விஷயம், இன்சுலேஷன் உரிந்தால் ஆபத்து. வாடகை வீடாயிற்றே, மாடிப்படி ஓரமாகக் கிளிப் அடித்துக் கொண்டுபோனால் சுவரும் பிழைக்கும், வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லமாட்டார். முனை போடும்போது இரண்டு பக்கமும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியின் இரு பக்கமும் உட்காருவதைக் கவனி. முதல்முறை முனை போடுகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான். வயரின் வெளித்தோல் கனெக்டருக்குள் போய்ப் பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் கையோடு வந்துவிடும்.

இனி முக்கியமான இடம். ஓஎன்டியும் ஒரு ரவுட்டர், நீ வாங்குவதும் ஒரு ரவுட்டர். இரண்டும் வீட்டுச் சாதனங்களுக்கு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொன்றின் அடையாள எண்) கொடுக்கப் போட்டி போட்டால்தான் ‘வைஃபை இருக்கு, நெட் இல்லை’ என்ற கூத்து நடக்கும். புது ரவுட்டரின் வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து நெட் வாங்கும் துளை) வயரைக் குத்தி அப்படியே விட்டாலும் நெட் வரும், ஆனால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும். கீழே உள்ள பிரிண்டர் மாடியில் இருக்கும் லேப்டாப்புக்குத் தெரியாது. இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் உட்கார்ந்திருந்தால் அதுவும் வராது. ஆகவே புதியதை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது வைஃபை மட்டும் பரப்பும் பெட்டியாக மாற்று. முகவரி கொடுக்கும் வேலை கீழே இருக்கும் பெட்டியோடு நிற்கட்டும்.

புது ரவுட்டரை ஓஎன்டியோடு சேர்க்காமல், தனியாக லேப்டாப்போடு லேன் வயரில் இணை. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைப் பிரவுசரில் அடி. உள்ளே ‘ஆப்பரேஷன் மோடு’ என்று இருந்தால் ஆக்சஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடு, அணைந்து எழுந்துவரும், வேலை முடிந்தது. அந்த வசதி இல்லாத மாடல் என்றால் கையால் செய்யலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் போட்டு முடி. அடுத்து அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்று. இது ஓஎன்டி 192.168.1.1 என்றிருந்தால், ஓஎன்டி வேறு வரிசையில் இருந்தால் அந்த வரிசையிலேயே ஒன்றைக் கொடு. புது முகவரியில் திரும்ப நுழைந்து கடைசியாக டிஹெச்சிபியை, அதாவது முகவரி கொடுக்கும் வேலையை அணை. முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் நீ வெளியே நிற்பாய். பிறகு ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து வரும் வயரைப் புதியதன் லேன் போர்ட்டில் குத்து. வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். ஓஎன்டியில் டிஹெச்சிபி வரிசையை 10 முதல் 200 வரை என்று வைத்துவிடு, அப்போதுதான் 2ஆம் எண்ணை வேறு எந்தப் போனுக்கும் கொடுத்துவிடாது.

ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, நெட்டை அப்படியே கடத்த மட்டும்) மாற்றி, லாகினைப் புது ரவுட்டரில் போடச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். தப்பில்லை. ஆனால் அதற்கு பிபிபிஓஇ (கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் லாகின் முறை) பெயரும் பாஸ்வேர்டும் விலேன் எண்ணும் கம்பெனி தர வேண்டும், கீழ்த்தளத்து வைஃபையும் போய்விடும். உனக்கு அது லாபமில்லை.

மாடி ரவுட்டரை அறையின் நடுப்பகுதிக்கு முடிந்தவரை அருகில், ஆள் உயரத்தில் வை. இரும்பு பீரோவின் மேலோ பின்னாலோ வேண்டாம். டிவியின் பின்பக்கமும் ஆளுயரக் கண்ணாடியின் பக்கமும் ஆகாது, கண்ணாடியின் பின்பூச்சு உலோகம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழும் தவிர்க்கலாம், தண்ணீர் அலையை விழுங்கும். ஆன்டெனாவை நேராக நிறுத்து. அது தன் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. எனவே ‘அறையை நோக்கிச் சாய்த்து’ வைப்பதில் பயனில்லை.

இரண்டு பெட்டிக்கும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11 வை, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று ஆசைப்படாதே, தெருவில் இருக்கும் எல்லா வைஃபையோடும் சண்டைதான் மிஞ்சும். மைக்ரோவேவ் ஓடும்போது 2.4 தடுமாறும், அது பழுதல்ல. 5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 80 வை. சேனல் கீழே 36, மேலே 149. இடையில் இருக்கும் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடாரோடு பகிர வேண்டும். அதில் வைத்தால் ரவுட்டர் எழுந்ததும் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டபிறகே 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் காட்டும். ரேடார் தட்டுப்பட்டால் நடுவேலையில் சேனல் மாறவும் செய்யும்.

எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். சில போன்கள் கீழ்த்தளத்தையே விடாமல் பிடித்துக்கொண்டு மாடி ஏறும். அப்படி நடந்தால் ஓஎன்டியில் வைஃபை சக்தியை ‘மீடியம்’ ஆகக் குறைத்துப் பார். வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு மேசையருகே அளந்து பார், மைனஸ் 67 டிபிஎம்மோ பூஜ்யத்துக்கு அதைவிட அருகிலோ இருந்தால் வீடியோ காலுக்குப் போதும். மைனஸ் 75 என்றால் இடத்தை மாற்று. ஸ்மார்ட் பல்பு, பிளக் வகைகளில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறியும். சேர மறுத்தால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ அணைத்துவிட்டு முயற்சி செய்.

பாதுகாப்பில் நான்கே வேலை. ரவுட்டர் செட்டிங்குக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டை மாற்று. வைஃபையின் பாதுகாப்பு முறைக்கு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அல்லது பழைய சாதனம் எதுவும் தகராறு செய்யாவிட்டால் டபிள்யூபிஏ3. ரவுட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பி. பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணை. அதன் 8 இலக்கப் பின்னை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆகவே 11,000 முயற்சிக்குள் திறந்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது. பெயரை மறைத்து வைப்பதால் எந்தக் காவலும் இல்லை, அதில் நேரம் போக்காதே.

கரன்ட் போனால் இரண்டு பெட்டிக்கும் மினி யுபிஎஸ் வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யுபிஎஸ் தருவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ் என்ற குறியையும் ஒப்பிட்டுப் பார். தெருவில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிக்குக் கரன்டே வேண்டாம் என்பதால், கம்பெனியின் மறுமுனையில் பவர் இருக்கும் வரை நெட் நிற்காது.

எல்லாம் முடிந்ததும் முதலில் வயரில் ஸ்பீட் டெஸ்ட் போடு, பிறகு வைஃபையில். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு வயரில் 93, 94 வந்தால் அது முழுசுதான். டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினாலும் அதே கணக்குதான். 200 திட்டத்துக்கு மாறியும் 94ஐத் தாண்டவில்லை என்றால் கம்பெனியோடு சண்டைக்குப் போகாதே. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ முனையில் விட்டுப் போயிருந்தால் இணைப்பு 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டி மறுபடி போடு. முனை சரி என்றால் ஓஎன்டியின் போர்ட்டைச் சந்தேகப்படு. சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றவை 100. வாசல் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறக்கப் போவதாக, அதாவது வெளியிலிருந்து உள்ளே வர வழி விடப் போவதாகச் சொன்னாய். அதற்கு முன் ஓஎன்டியில் வேன் ஐபியை, அதாவது கம்பெனி உன் இணைப்புக்குக் கொடுத்த முகவரியைப் பார். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் வெளியுலகுக்குத் தெரியும் ஒரே முகவரியைக் கம்பெனி பலருக்குப் பகிர்ந்திருக்கிறது, நீ எதைத் திறந்தாலும் பலிக்காது. நிலையான ஐபிக்குத் தனியாகக் காசு கட்டு, அல்லது கேமரா கம்பெனியின் ஆப்பிலேயே பார்.

ஓஎன்டியின் அடி ஸ்டிக்கரையும் பின்பக்க போர்ட்டுகளையும் படம் எடுத்து அனுப்பு. மாடி வயரை எந்தப் போர்ட்டில் குத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன். லாஃப்டிலிருந்து மாடி அறை வரை வயர் போகும் வழியை அளந்து, மூன்று மீட்டர் கூடுதலாக வயர் வாங்கு.

அன்புடன்,
அம்மா