ஒப்பம் வேறு, ஒப்புதல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘கன்சென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். லத்தீனில் அதன் வேருக்குக் ‘கூடி உணர்தல்’ என்று பொருள் என்பதை அழகாகவே எடுத்துச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். கடைசிப் பத்தியில்தான் சறுக்கிவிட்டார். சம்மதம் வடமொழியாம், ஒப்புதல் அலுவலகத் தமிழாம், மற்றபடி இந்தக் கருத்துக்குத் தமிழில் சொல்லே கிடையாதாம். அவர் பத்திர ஆபீஸ் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே 32 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை என்று எதை எழுதினாலும் சம்மதம் என்ற சொல் வந்தாக வேண்டும். கையால் எழுதிய காலத்தில் அந்த இடம் வந்ததும் பேனா தானாக ஓடும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதுவும் இல்லை. அந்த வரி ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும். பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றினால் வேலை முடிந்தது.

சொல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சம்மதம் வடமொழி என்பது உண்மைதான். ‘சம்’ என்றால் கூட, ‘மதம்’ என்றால் எண்ணப்பட்டது. லத்தீன்காரர் கூடி உணர்ந்தார், வடமொழிக்காரர் கூடி எண்ணினார். நம்மிடம் இசைவு இருக்கிறதே! யாழ் நரம்புகள் சேர்ந்து ஒலிப்பதற்கும் இரண்டு மனிதர்கள் ஒத்துப்போவதற்கும் நம் முன்னோர் வைத்தது ஒரே வினைச்சொல், இசைதல். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒன்றுக்கு இசைந்து எழுதிக் கொடுத்த ஓலைக்கு ‘இசைவு தீட்டு’ என்றே பெயர். உடன்படுதல் இருக்கிறது. நேர்தல் என்று ஒன்று இருந்தது. பெண் கொடுக்க வீட்டார் ஒப்புவதை ‘மகட்கொடை நேர்தல்’ என்பார்கள். (அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா என்பது வேறு கதை.) இசையவும் உடன்படவும் ஒக்கவும் இரண்டு பேர் வேண்டும். ‘அனுமதி’க்கு அது தேவையில்லை, மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுத்தால் ஆயிற்று. பெண்ணின் ‘அனுமதி’ இல்லாமல் படம் எடுத்ததாக உங்கள் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஆலை வாசலில் கேட்பாஸ் கேட்பது போலத்தான் இருக்கிறது.

மாட்டிக்கொண்டு முழிப்பது ஒப்புதல். ஒப்பு என்றால் ஒத்திருப்பது, சமம். அதன் வழியில் வந்ததுதான் கையெழுத்தைக் குறிக்கும் ஒப்பம். ‘ஒப்புக்கு ஒரு நடை வந்துட்டுப் போ’ என்கிறோமே, மனசில்லாமல் பேருக்குச் செய்வது, அதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான். ஒப்புதல், ஒப்பம், ஒப்புக்கு, இந்த மூன்றும் என் மேஜையில் ஒன்றோடொன்று கலந்துபோனதைத்தான் நான் அத்தனை வருடமும் பார்த்தேன்.

விடுதலைப் பத்திரம் என்பது, சொத்தில் பாகம் உள்ள ஒருவர் அதை மற்றப் பங்காளிகளுக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததை உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவே மகளுக்கும். பூர்விகச் சொத்திலும் பெண்ணுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுக்க 2005-இலும் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் விடுதலைப் பத்திரத்துக்கு வந்தவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை. கூட்டமும் ஒரே மாதிரிதான் வரும். பேசுவது அண்ணன். அடையாள அட்டையை நீட்டுவதும் அண்ணன். அந்தப் பெண் பெஞ்சின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் எழுந்து வந்து கையெழுத்துப் போடுவாள்.

ஊரார் கதையாகவே சொல்லிக்கொண்டு போவானேன். 2010-இல், தானே புயலுக்கு முந்தின வருஷம், என் தங்கையின் விடுதலைப் பத்திரத்தை எழுதியது நான்தான். எழுதிக் கொடுப்பவர் அவள், எழுதிப் பெறுபவர்கள் நானும் என் தம்பியும். அவள் மற்றப் பெண்களைப் போல இல்லை, எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, நல்ல நினைவுடன் மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“இத நான் சொல்லவே இல்லையேண்ணா?”

“எல்லாப் பத்திரத்துலயும் இருக்கறதுதாம்மா. நேரமாவுது, டோக்கன் போயிடும்.”

கையெழுத்துப் போட்டாள். பெருவிரலில் மை தடவி உருட்டி எடுத்தார்கள். மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டாள். கல்யாணத்தில் போட்ட நகையையும் இரண்டு பிரசவச் செலவையும் கூட்டி நானும் தம்பியும் மனதுக்குள் ஒரு கணக்கை நேர் செய்து வைத்திருந்தோம். அந்தக் கணக்கை அவளிடம் காட்டவில்லை.

உள்ளே அதிகாரி கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, எழுதிக் கொடுத்தவர் இவர்தானா என்று விசாரிக்கச் சொல்கிறது. “எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்றீங்களா?” “ஆமாங்க.” முடிந்தது. இந்த ஒப்புக்கொள்ளுதலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திருடன் திருட்டை ஒப்புக்கொள்கிறானே, அந்த ஒப்புக்கொள்ளுதல் இது. செய்தாயா என்ற கேள்விக்குப் பதில். விருப்பமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சட்டத்துக்கு அது தெரியாமலும் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, இருவர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றால்தான் சம்மதம் என்கிறது. வற்புறுத்தல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், பிழை, இவற்றில் எது புகுந்து வாங்கியிருந்தாலும் அது சுதந்திரமான சம்மதம் ஆகாது என்கிறது அடுத்த பிரிவு. ஆனால் அதை வைத்து வாதாட வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். எந்தத் தங்கச்சி போவாள்?

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. எங்கள் பெண்ணையாற்றங்கரையில்தான் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சுந்தரர் கல்யாணத்தன்று கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று வழக்காடிய கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகவே பாடியிருக்கிறார். பாட்டன் தனக்கு மட்டும் எழுதவில்லை, தன் வழி வரும் மரபினருக்கும் சேர்த்து ‘எழுதி நேர்ந்தேன்’ என்று ஒப்பமிட்டிருக்கிறார். மேலே சொன்ன நேர்தல் இதுதான். அவையோர் பாட்டன் எழுதிய வேறொரு கையோலையை வரவழைத்து, எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒத்திருந்தது, தீர்ப்பு வந்துவிட்டது. பேரனுக்கு இசைவா என்று யாரும் கேட்கவில்லை. வந்தவர் இறைவன், அது அவர் திருவிளையாடல், குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஒரு பத்திரக்காரன் கண்ணுக்கு அதில் தெரிவதைச் சொல்கிறேன்.

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற பழமொழியையும் உங்கள் கட்டுரையாளர் மேற்கோள் காட்டியிருந்தார், அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமலே. பிரான்சில் 2025-இல் பாலியல் வன்கொடுமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வெறும் மௌனத்தை வைத்துச் சம்மதம் என்று முடிவு கட்டக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பக்கத்திலிருக்கும் புதுச்சேரி அந்த பிரான்சின் கையில் இருந்த ஊர். என் மனைவியின் ஊரும் அதுதான்.

கல்யாணமான புதிதில் மாமனார் என்னைக் கீழூர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரர்களின் 1946-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று சொன்னது. அதனால்தான் 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. பத்திரம் முறைப்படி முடிந்தது என்னவோ 1962 ஆகஸ்ட் 16-இல்தான். ஊர் ஊராக மக்களையே கேட்டிருக்கலாம் என்பாரும் உண்டு, அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு அன்றும் இன்றும் கண்ணில் நிற்பது அந்த எட்டு. வேண்டாம் என்று சொன்னவர்களையும் எண்ணிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எழுதிய பத்திரங்களில் வேண்டாம் என்பதற்கு ஒரு வரிகூட இடம் விட்டதில்லை.

ஆகவே கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள்: சொல் இல்லை என்று தயவுசெய்து எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் நீட்டும் தாளையும் பள்ளியில் கொடுத்தனுப்பும் தாளையும் இனி ‘இசைவுப் படிவம்’ என்றே உங்கள் இதழில் எழுதிப் பாருங்கள். இசைவு என்று தலைப்புப் போட்டுவிட்டு, படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கொஞ்சமாவது கூச்சம் வரும் என்று ஒரு நப்பாசை.

தங்கையைப் பற்றி எழுதியிருப்பதால் இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னாள். அந்த டோக்கன் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் செல்லுமாம், நேரமாகவே இல்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
மஞ்சக்குப்பம், கடலூர்