இட்டோக்கோர்டூர்மீட் ஊரில் இறங்கிய நாள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
நாகப்பட்டினம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 06.10.2025

பொருள்: கிழக்கு கிரீன்லாந்து கப்பல் பயணம் – ஊர் வருகை நேரத்தைக் குறைத்தது, பயணிகளுக்கு முன்னறிவிப்பு தராதது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த ஆகஸ்ட் கடைசியில் நீங்கள் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கிலிருந்து அழைத்துப்போன பத்து நாள் பயணத்தில் வந்த 32 பேரில் நானும் ஒருத்தி. கப்பல், அறை, சாப்பாடு எதிலும் எனக்குக் குறை இல்லை. ஆறாம் நாள் இட்டோக்கோர்டூர்மீட் ஊரில் நடந்ததற்காக மட்டுமே இந்தக் கடிதம்.

முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தினவள் நான். நிலத்துக்குள் ஏறக்குறைய 350 கி.மீ. போகும் ஸ்கோர்ஸ்பி சவுண்ட் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே உள்நுழையும் குறுகிய கடற்கழி) வாயில் சுமார் 350 பேர் வாழும் அந்த ஊரைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அடுத்த பெரிய ஊரான டாசிலாக் தெற்கே 800 கி.மீ. தள்ளி இருக்கிறது. வருஷத்தில் ஒன்பது மாதம் கடல் உறைந்து கிடக்கும். என் ஓய்வூதியப் பணத்தில் இந்தப் பயணத்துக்குப் பதிந்தது பனிப்பாறைகளைப் பார்க்க மட்டும் அல்ல, அந்த ஊரில் ஒரு முறை கால் வைக்கத்தான்.

உங்கள் பயணத் திட்டத்தில் "ஊர் வருகை – 4 மணி நேரம்" என்று அச்சிட்டிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது 1 மணி 10 நிமிடம். மூடுபனியோ கடல் பனியோ காரணமாக இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன், அந்தக் கடலில் அது சகஜம். ஆனால் அன்று வானம் தெளிவாக இருந்தது. அதே கப்பலில் வந்த மற்ற நாட்டுப் பயணிகள் மாலை நான்கு வரை ஊரில்தான் இருந்தார்கள். நம் குழுவை மட்டும் பன்னிரண்டு மணிக்கே ரப்பர் படகில் ஏற்றினார் உங்கள் டூர் மேனேஜர். கப்பலில் நமக்கென்று தனியாகத் தென்னிந்திய மதியச் சாப்பாடு ஏற்பாடாகியிருந்ததாம். சாம்பார் சாதம் நாகப்பட்டினத்திலும் கிடைக்கும், ஐயா.

இதைவிட என்னை வருத்துவது முந்தின நாள் இரவு நடந்தது. ஊருக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கப்பலின் வழிகாட்டிகள் எல்லாப் பயணிகளுக்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். அதே நேரத்தில் மேல்தளத்தில் நமக்கு அந்தாக்ஷரி வைத்துவிட்டார் மேனேஜர். "முக்கியமானதை நானே சொல்லிடறேன்" என்றவர் காலையில் சொன்னது லைஃப் ஜாக்கெட்டையும் ரப்பர் பூட்ஸையும் பற்றி மட்டும்தான்.

அதன் விளைவை ஊரில் பார்த்தேன். சங்கிலியில் கட்டியிருந்த பனிச்சறுக்கு வண்டி நாய்களிடம் நம்மவர்கள் ஐந்தாறு பேர் பிஸ்கட்டோடு போனார்கள், செல்ஃபிக்காக. அவை கொஞ்சி வளர்க்கிற நாய்கள் அல்ல. உறைந்த கடலில் வேட்டைக்காரரின் வண்டியை இழுக்கிற உழைப்பாளி நாய்கள், நெருங்கினால் கடிக்கக்கூடியவை. அந்த இனம் கலந்துவிடக் கூடாது என்று கிழக்கு கிரீன்லாந்துக்குள் வேறு நாயே கொண்டுவர விடுவதில்லை, அவ்வளவு மதிப்பு அவற்றுக்கு. ஒரு வயதான அம்மா வீட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டே ஓடிவந்தார். அவர் மொழி எங்களுக்குப் புரியவில்லை, பதற்றம் புரிந்தது. எட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு நாய்க்கு ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தான். நம் குழுவின் பிள்ளைதான். ஏதாவது ஆகியிருந்தால்? அந்த ஊரிலிருந்து விமானம் ஏற வேண்டுமென்றால் முதலில் ஹெலிகாப்டரில் நெர்லெரிட் இனாட் விமான நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதாவது உங்கள் மேனேஜருக்குத் தெரியுமா?

கடையிலும் தலைகுனிந்தேன். ஊருக்கு இருப்பது பிலெர்சுயிசொக் என்ற ஒரே கடை. சரக்குக் கப்பல் கோடையில் ஓரிரு முறைதான் வரும். அதில் வருவதை வைத்துத்தான் அந்த ஜனம் குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். "ஸ்நாக்ஸ் ஸ்டாக் பண்ணிக்கோங்க" என்று மேனேஜர் சொன்னதும் நம்மவர்கள் சாக்லேட், பழச்சாறு, ஆப்பிள் என்று அள்ளினார்கள். மூன்று வேளையும் சாப்பாடு போடுகிற கப்பலில் வந்தவர்கள் நாம். கல்லாவில் இருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொன்றாக பில் போட்டார். காசு செலவழிக்க வேண்டிய இடம் அருங்காட்சியகம். பழைய வேட்டைக் குடும்பம் வாழ்ந்த விதத்தைக் காட்டும் சின்ன வீடு அது. "உள்ளே ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொல்லி அதன் வாசலிலிருந்தே என்னைத் திருப்பிவிட்டார்கள்.

வெளியே காயப்போட்டிருந்த இறைச்சியைப் பார்த்து நம்மில் சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். கருவாடு காயும் கரையில் பிறந்தவள் நான். என் வாசலில் யாராவது அப்படிச் செய்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் விளம்பரத் தாளில் இக்லூ என்கிற பனிக்கட்டி வீட்டின் படம் போட்டு "எஸ்கிமோக்களைக் காணுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே இருப்பவை சிவப்பும் நீலமும் மஞ்சளும் பூசிய மரவீடுகள். ஊர்ப் பெயருக்கே பெரிய வீடுகளில் வசிப்பவர்கள் என்றுதான் பொருள். அவர்கள் இனுயிட் மக்கள், மற்ற பெயர் அவர்களில் பலருக்குப் பிடிக்காது. டென்மார்க் நாட்டு ஆய்வுப்பயணி எய்னார் மிக்கெல்சன் முன்னின்று டாசிலாக் பக்கத்திலிருந்து சுமார் 80 பேரை அழைத்துவந்து குடியேற்றியது 1925இல். நாம் போனது ஊரின் நூறாவது வருஷம். அதைப் பற்றி நம் குழுவில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

ஊர் வருகைக்கென்று தனியாக வாங்கிய 18,500 ரூபாயை 32 பேருக்கும் திருப்பித் தர வேண்டும். அடுத்த வருஷக் குழு புறப்படும் முன், கப்பலின் வழிகாட்டிகள் சொல்லும் நடத்தை விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். அந்தக் கூட்டம் நடக்கும் நேரத்தில் வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். விளம்பரத் தாளில் அந்தப் படத்தையும் சொல்லையும் எடுத்துவிடுங்கள். பதறி ஓடிவந்த அந்த அம்மாவுக்காக, ஊர் நிர்வாகத்துக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பி, அதன் நகலை எனக்கும் அனுப்ப வேண்டும்.

30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பயணத் திட்டத்தின் நகல், பணம் கட்டிய ரசீது, அன்று மாலை மூன்றரை மணிக்குக் கப்பல் தளத்திலிருந்து நான் எடுத்த படம் ஆகிய மூன்றையும் இணைத்திருக்கிறேன். மற்ற பயணிகள் அப்போதும் கரையில் நிற்பது அந்தப் படத்தில் தெரியும்.

இப்படிக்கு,
(கையொப்பம்)