நாகப்பட்டினத்துக்காரனுக்குப் புயல் தெரியாதா?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், புளோரிடா
3-11-2024

அன்புள்ள சேகர்,

‘உயிரோடு இருக்கிறாயா?’ என்று செப்டம்பர் கடைசியில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இருக்கிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். தீபாவளிக்கு அம்மாவைப் போய்ப் பார்த்தாயாம், சித்ரா சொன்னாள். இதில் உள்ளதில் பாதியை அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஒட்டடையிடம் எதையுமே சொல்லாதே, ஊர் முழுக்கப் பரப்பிவிடுவான்.

ஹெலீன் புயலுக்கு எங்கள் பகுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். சித்ரா, மகள் வீட்டுக்கு ஆர்லாண்டோ போய்விட்டாள். நான் போகவில்லை. ‘1977 நாகப்பட்டினம் புயலில் ஓடு பறந்ததைப் பார்த்தவன், என்னிடமா?’ என்று வசனம் பேசினேன். புயலின் கண் எங்களுக்கு நூறு மைலுக்கும் அப்பால், கடலோடு கடலாக வடக்கே போய்விடும் என்று டிவியில் படம் போட்டார்கள். எனக்கு அது போதும் என்று தோன்றியது. வடக்கே டெய்லர் மாவட்டத்து ஷெரீப், கிளம்ப மாட்டேன் என்பவர்கள் அழியாத மார்க்கரால் கையிலோ காலிலோ பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள், அப்புறம் அடையாளம் காண உதவும் என்று அறிவித்திருந்தார். சித்ரா போனில் கத்தவில்லை. “மார்க்கர் சமையலறை டிராயரில் இருக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 26, வியாழக்கிழமை. ராத்திரி பத்து மணிக்குச் சொல்லிக்கொள்கிற மழை இல்லை. காற்று இருந்தது, ஆனால் நாம் பார்க்காத காற்றா? முதலில் கழிப்பறை ‘களக் களக்’ என்று பேசியது. எட்டிப் பார்த்தால் தெருவில் மழைநீர் வடிகால் மூடி வழியாகத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கிறது. அலை இல்லை, இரைச்சல் இல்லை. பால் பொங்குகிற மாதிரி. அரை மணி நேரத்தில் வாசல் கதவுக்கடியில் நுழைந்தது. கதவைத் திறந்து ஓடலாம் என்று பார்த்தேன். வெளித் தண்ணீர் அழுத்துவதில் அது அசையவில்லை. கரண்ட் போனது. குளிர்சாதனப்பெட்டி மிதந்து, சுற்றி, சாவகாசமாகச் சாய்ந்தது. நான் சமையல் மேடைமேல் குந்தியிருந்தேன். இங்கே மொட்டை மாடி கிடையாதுடா, சாய்வுக் கூரை. ஏறி நிற்க இடமில்லை. பின்தெருவில் ஒரு வீடு எரிந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் மின்சாரக் காரின் பேட்டரி தானாகத் தீப்பற்றும், வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இது காரா, வீட்டு வயரா, தெரியவில்லை. கழுத்தளவுத் தண்ணீர் நிற்கிற தெருவில் வீடு எரிவதை நீ பார்த்திருக்கிறாயா?

இங்கே துறைமுக அளவுமானியில் கடல் வழக்கமாக ஏறும் உச்சத்துக்கு மேல் ஆறடிக்கும் அதிகம். இதற்கு முந்தைய சாதனை, 1985-இல் எலெனா புயலில், நாலடிதான். எங்கள் மாவட்டத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல வீட்டிலேயே இருந்தவர்கள்.

அதற்கப்புறம் தூக்கம் வராமல் இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். புயலுக்குள் காற்றழுத்தம் குறைவதால் கடல் உப்பும் என்று நம் பூகோள வாத்தியார் சொன்னாரே, அது உண்மைதான். ஆனால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் ஒரு சென்டிமீட்டர்தான். மீதியெல்லாம் காற்று தள்ளிக்கொண்டு வருவது. ஆழமான கடலானால் தள்ளிய தண்ணீர் அடியில் திரும்பிப் போய்விடும். எங்கள் டாம்பா வளைகுடாவும் நம் பாக் நீரிணை மாதிரி ஆழம் குறைவு, போக வழியில்லாமல் கரையேறுகிறது. உன் தாத்தா சொல்வாரே, 1964-இல் தனுஷ்கோடியில் ரயிலையே கொண்டுபோன ராத்திரி, அதுவும் இந்த வேலைதான். 77-இல் நாம் வெளிப்பாளையத்தில் பார்த்தது காற்றை மட்டும். தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த அரைகுறை அறிவை நாற்பத்தேழு வருஷம் பெருமையாகச் சுமந்திருக்கிறேன்.

அப்புறம் சுத்தம் செய்கிற கூத்து. சாக்கடை, டீசல், உப்பு எல்லாம் கலந்த சேறு. மேசைக்கால் கிழித்துக் கணுக்காலில் ஒரு கீறல். டாக்டர் பார்த்ததும் முகம் மாறி ஆன்டிபயாடிக் கொடுத்தார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி, காலராவுக்குப் பங்காளி, காயம் வழியாக ஏறினால் காலையே எடுக்க வேண்டிவருமாம். பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரைக் கார் கொட்டகைக்குள் வைத்து ஓட்டப் பார்த்தார். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும் என்று சண்டை போட்டு வெளியே தள்ளவைத்தேன். ஊறிப்போன சுவர்ப் பலகையை நாலடி உயரத்துக்கு அறுத்து எடுத்தாயிற்று. அந்த டிராயர் ஊறி உப்பி இன்னமும் திறக்கவில்லை.

ஹெலீனுக்குப் பதின்மூன்று நாளில் மில்டன் புயல் வந்தது. 10 முதல் 15 அடி ஏறும் என்றார்கள். சொல்லி முடிப்பதற்குள் நான் ஆர்லாண்டோவில். ஆனால் கண் எங்களுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. எங்கள் பக்கம் காற்று கடலைப் பார்த்து வீச, வளைகுடாவே உள்வாங்கிவிட்டது! வெறும் சேற்றுத் தரையை டிவியில் காட்டியபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உனக்கும் 2004 டிசம்பர் நினைவுக்கு வந்திருக்கும். அதில் இறங்கி வேடிக்கை பார்க்காதே, தண்ணீர் திரும்பும் என்று கத்திக்கொண்டே இருந்தார்கள்.

இதை நீ கவனிக்க வேண்டும். இங்கே மேற்குக் கரை, கண்ணுக்குத் தெற்கே இருப்பவன் மாட்டுவான். நம் ஊர் கிழக்குக் கரை, வடக்கே இருப்பவன் மாட்டுவான். புயல் வேதாரண்யத்துக்குப் போகிறது, நமக்கில்லை என்று நீ போனில் சிரிப்பாயே, அந்த நாளில்தான் நீ கிளம்ப வேண்டும்.

இப்போது மழைக்காலம். இன்வர்ட்டரையும் பேட்டரியையும் படிக்கட்டுக்கடியில் தரையில் வைத்திருக்கிறாய், போன தடவை வந்தபோது பார்த்தேன். அதை மாடிக்கு ஏற்று. பத்திரங்களை ஸ்டீபன் வீட்டில், தஞ்சாவூரில் கொடுத்துவை. அவன் கணக்கு நோட்டைத் தொலைத்த கதையைக் கிளப்பாதே, வேறு ஆள் இல்லை. ஏற்றியதும் இன்வர்ட்டரைப் படம் எடுத்து அனுப்பு. வாய்ப்பேச்சை நம்ப மாட்டேன்.

உன்
பாலு